பற்றவைக்கும் படலம்

“இதுக்கு முன்னாடி நெருப்புல பழக்கம் உண்டா சார்?” என்று கடைக்காரர் கேட்டார்.

“இருபத்தாறு வருஷமா நெருப்போடதான் குடித்தனம்,” என்றார் தண்ணியண்ணன்.

இதில் துளிகூடப் பொய் இல்லை. அவர் தீயணைப்பு நிலையத்தின் அதிகாரி. எங்கே தீப்பிடித்தாலும், வண்டி நிற்பதற்கு முன்பே “தண்ணி, தண்ணி” என்று குதித்து இறங்குவார். அதனால் நிலையத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் தண்ணியண்ணன். மற்றபடி, நீங்கள் நினைக்கிற அந்தத் தண்ணியை அவர் முகர்ந்துகூடப் பார்த்தவர் இல்லை.

கடைக்காரர் கேட்டது நெருப்பை மூட்டுகிற பழக்கத்தை. இவர் சொன்னது அணைக்கிற பழக்கத்தை. விளக்கியிருக்கலாம். ஆனால் பதிலைக் கேட்டதுமே கடைக்காரர் முகத்தில் ஒரு மரியாதை வந்துவிட்டது. வந்த மரியாதையைத் திருப்பி அனுப்ப யாருக்குத்தான் மனசு வரும்?

அதுவரை இருவரும் கடையின் முன்வரிசையில், மூன்று காலில் நின்ற ஒரு குண்டு அடுப்பின் எதிரே இருந்தார்கள். கரி போட்டு, மேலே கம்பி வலை வைத்து, மூடி போட்டு மூடுகிற வகை. தோட்டத்தில் வைத்துச் சுட்டுச் சாப்பிடப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் அதன் மூடியைச் சாத்திவிட்டு, தண்ணியண்ணனைக் கடையின் உள்பக்கம் அழைத்துப் போனார்.

அங்கே கறுப்பாக, படுத்த வாக்கில் ஒரு இரும்புப் பீப்பாய் இருந்தது. ஒரு பக்கம் விறகு எரிகிற பெட்டி. இன்னொரு பக்கம் புகைபோக்கி.

“இதுக்குப் பேரு ஸ்மோக்கர் சார். விறகு அந்தப் பெட்டியில எரியும். புகையும் சூடும் மட்டும் உள்ள போகும். காலையில வச்சா மத்தியானம்தான் வேகும், ஆனா எலும்புல இருந்து கறி தானா கழண்டு வரும். புதுசா வர்றவங்களுக்கு இதை நான் காட்டறதே இல்ல.”

இந்தக் கடைசி வாக்கியம்தான் அதை விற்றது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் தண்ணியண்ணன்.

மனிதருக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றால், எல்லாம் மகளுக்காக. ஒரே மகள். கூட வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையன் தங்கம். அவன் வீட்டில் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவனுடைய அப்பா பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாயைத் திறக்கவைக்கிறவர், தன் வாயை மட்டும் திறப்பதே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் டாக்டரும் மனைவியும் பையனும் இவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அதோடு ஏதாவது ஒன்று முடிவாகிவிடும்.

“அப்பா, அவங்க அப்பாவுக்குத் தோட்டத்துல நெருப்பு மூட்டிச் சுட்டுச் சாப்பிடறதுன்னா உயிராம்,” என்று மகள் சொன்னாள். “அன்னைக்கு நீங்களே உங்க கையால செஞ்சு போடுங்கப்பா. எனக்காக.”

சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்காக என்று அவள் இதுவரை எதையும் கேட்டதில்லை. தண்ணியண்ணன் யோசிக்கவே இல்லை. செய்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய வாக்கு என்று புரியும். இரவு படுக்கும் முன் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிறவர் அவர். மகளின் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி ஏற்றினால், பாட்டு முடிவதற்குள் அவரே அணைத்துவிடுவார். ஒரு பிறந்தநாளிலும் அந்தப் பெண் தன் மெழுகுவர்த்தியைத் தானே ஊதியதில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்மோக்கர் வந்து இறங்கியது. பக்கவாட்டுச் சந்தில் நுழையவில்லை. கூடம் வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் வாசலிலிருந்து கொல்லைவரை ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. மனைவி அந்தக் கோட்டைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார்.  மகள் கல்யாண விஷயம் என்று பொறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலையே ஒத்திகை. விறகு அடுக்கித் தீக்குச்சியைக் கிழித்தார். விரலளவு சுடர் எழுந்தது. உடனே அவருடைய கை, அவரைக் கேட்காமலேயே, காற்று போகும் துளையை மூடிவிட்டது. நெருப்பு செத்தது. காற்றை நிறுத்தினால் தீ அடங்கும் என்று எத்தனை பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்! மறுபடி பற்றவைத்தார். மறுபடி மூடினார். மூன்றாவது முறை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுடர் முழங்கால் உயரம் வந்தது. மனசு ‘பொறு, பொறு’ என்றது. கை, பக்கத்தில் நிரப்பி வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டது.

விறகு மொத்தமும் ஈரம். அதற்குப் பிறகு நெருப்பே வரவில்லை, புகை மட்டும் வந்தது. அப்படி ஒரு புகை. அது மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் கொல்லைக்குப் போனது. அந்த அம்மா யாருக்கோ தைத்து, துவைத்துக் காயப்போட்டிருந்த திரைச்சீலைகளுக்கு நடுவிலிருந்து இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார். உங்கள் வீட்டிலேயே தீயா என்று கேட்டார்.

“பயிற்சிம்மா,” என்றார் தண்ணியண்ணன்.

அப்படியானால் நான் பயப்படவேண்டுமா, வேண்டாமா என்று அந்த அம்மா நியாயமாகவே கேட்டார். தண்ணியண்ணன் பள்ளிக்கூடங்களில் பேசிப் பேசிப் பழகிய வாக்கியத்தை எடுத்துவிட்டார். சந்தேகம் என்று வந்துவிட்டால் தயங்கவே கூடாது, உடனே நிலையத்துக்குப் போன் செய்துவிட வேண்டும். தையல்காரம்மா தலையாட்டிவிட்டுத் திரைச்சீலைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை காலை தண்ணியண்ணன் கடைக்குப் போய், அந்த மூன்று கால் குண்டு அடுப்பைக் காட்டி அது வேண்டும் என்றார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

“இது புதுசா கத்துக்கறவங்களுக்கு ஆச்சே சார். உங்களுக்கு எதுக்கு?”

“எனக்கில்ல,” என்றார் தண்ணியண்ணன். “என் மனைவிக்கு.”

பொய் ஒரு நொடியில் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைக்காரர் நல்ல மனிதர். வந்தது வினை. ஒரு பெண்மணி புதிதாக ஆசைப்படுகிறார் என்றால் நானே வந்து சொல்லித்தருகிறேன் என்று அடுப்போடு வண்டியில் ஏறிவிட்டார். வழியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார் தண்ணியண்ணன். எடுபடவில்லை.

கொல்லையில் மனைவியை நிற்கவைத்துக் கடைக்காரர் பாடம் நடத்தினார். கரியைத் தகரக் குழலில் போட்டுப் பற்றவைக்க வேண்டும். மேலே சாம்பல் பூத்ததும் அடுப்பின் ஒரு பக்கமாகத் தள்ள வேண்டும். கறியை மறுபக்கம் வைத்து மூடிவிட வேண்டும். அடியில் இருக்கிற காற்றுத் துளையைப் பாதி திறந்து வைத்தால் போதும். அடிக்கடி மூடியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு, போகும்போது ஆறுதலும் சொன்னார்.

“பயப்படாதீங்க மேடம். நெருப்பைப் பார்த்ததும் முதல்ல எல்லாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். சார் பக்கத்துலயே இருக்காரில்ல.”

கல்யாணமான மறுநாளிலிருந்து அடுப்படியில் நிற்கிற அந்த அம்மாள், சரிங்க என்று தலையாட்டி அவரை வழியனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“நாளைக்கு நான் அடுப்படிப் பக்கமே வரப்போறதில்லைங்க. நான்தான் புதுசாச்சே. கை நடுங்கும்.”

 கொல்லையில் ஏதாவது ஏடாகூடமானால் உள்ளே மனைவியின் சமையல் இருக்கிறது என்பதுதான் தண்ணியண்ணனுடைய ஒரே தைரியம். அதுவும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நெருங்கும்போது குண்டு அடுப்பில் கரி ஒழுங்காகப் பிடித்தது. கோழித்துண்டுகளை வைத்து மூடினார். கைகள் துறுதுறுத்தன. இடுப்புத் துண்டை எடுத்துக் கைகளைத் தானே இறுக்கிக் கட்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார். எப்படியோ தாக்குப்பிடித்தார். நல்ல வாசனையும் வர ஆரம்பித்தது. இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

டாக்டர் விஷயம் தெரிந்தவராயிற்றே, கற்றுக்குட்டி அடுப்பைப் பார்த்தால் இளக்காரமாக நினைப்பாரே என்று ஒரு யோசனை வந்தது. ஓரமாகக் கிடந்த ஸ்மோக்கரையும் மூட்டினார். விறகு இன்னும் காயவில்லை. புகை சுருள் சுருளாகக் கிளம்பிய நேரத்தில் வாசலில் கார் சத்தம் கேட்டது.

டாக்டர் நேராகக் கொல்லைக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டு அடுப்புகளையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. டாக்டரின் மனைவி வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அடுப்பைப் பார்க்காமல் தண்ணியண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது. மகள் பையன் பக்கத்தில் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தாள்.

டாக்டருக்குக் காட்டலாம் என்று குண்டு அடுப்பின் மூடியைத் திறந்தார் தண்ணியண்ணன். கோழியின் கொழுப்பு கரியில் சொட்டியது. சடாரென்று ஒரு சுடர் எழுந்தது.

மூடியைத் திரும்ப வைத்தாலே போதும். அதுகூடத் தெரியாதவரா அவர்? ஆனால் அவர் யோசித்து முடிப்பதற்குள் கை, காலடியில் தயாராக வைத்திருந்த தீயணைப்புக் கருவியின் ஊசியைப் பிடுங்கிவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது கோழிகள் எல்லாம் பவுடர் பூசிக் கிடந்தன. டாக்டரின் மீசையும்தான்.

 மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா, ஒரு பக்கம் கரும்புகையும் மறுபக்கம் வெண்புகையுமாக எழுவதைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சொல்லிவைத்தபடி தயங்கவே இல்லை.

சைரன் கேட்டதும் தண்ணியண்ணனுக்கு உயிர் போய்விட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தாய்மொழி. அது தன் வீட்டுக்குத்தான் வருகிறது என்று தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அவருடைய ஆட்களே சந்து வழியாகக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“தண்ணியண்ணே, எங்கண்ணே?”

டாக்டரின் மனைவி புருவத்தை உயர்த்தி, தண்ணியண்ணனா என்று மெதுவாகக் கேட்டார். அது அந்தத் தண்ணி இல்லை, இது வேறு தண்ணி என்று தண்ணியண்ணனின் மனைவி அவசர அவசரமாக விளக்கினார். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகத்தான் கேட்டது. துணை அதிகாரி வெள்ளைக் கோழிகளைப் பார்த்தார், மேலதிகாரியைப் பார்த்தார், சல்யூட் அடித்தார். என்னவென்று பதிவு செய்வது என்று காதோரம் கேட்டார். பயிற்சி என்று எழுது என்றார் தண்ணியண்ணன். மானம் கப்பலேறிவிட்டது. இனி எழுத என்ன இருக்கிறது?

வண்டி போனதும் கொல்லை அமைதியானது. அப்போதுதான் டாக்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

“விறகு ஈரமா இருக்கு. நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?”

அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மரத்தடியில் கிடந்த சுள்ளிகளைப் பொறுக்கினார். ஸ்மோக்கர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து உள்ளே திணித்தார். காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் திறந்தார். குனிந்து ஊதினார். தீ குபுகுபுவென்று பிடித்தது. பையன் பதறிப்போய், அப்பா போதும் என்றான். டாக்டர் சிரித்துக்கொண்டே மிச்ச அட்டையையும் உள்ளே தள்ளினார். சுடர் பெட்டிக்கு வெளியே வந்து வேப்பங்கிளையைத் தொடப் போனது.

தண்ணியண்ணன் எங்கே இருந்து வந்தார், எப்போது வாளியை எடுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அடுத்த நொடி நெருப்பு இல்லை. பாதித் தண்ணீர் அடுப்பில், மீதி டாக்டர் மேல். மூக்குக்கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, டாக்டர் கையில் ஈர அட்டையோடு நின்றார்.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். தண்ணியண்ணன் வெறும் வாளியோடு அவளைப் பார்த்தார். அவள் இதுவரை கேட்டது இது ஒன்றே ஒன்று. அதையும் தன் கையாலேயே அணைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. 

டாக்டரின் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் கணவரின் தலையில் போட்டார். பிறகு தண்ணியண்ணன் பக்கம் திரும்பினார்.

“கல்யாணத் தேதியைக் குறிச்சிடலாம் சம்பந்தி,” என்றார். “இவர் எங்க வீட்டு வேலியை ரெண்டு தடவை எரிச்சாச்சு. தோட்டத்துல நெருப்பு மூட்டணும்னு உங்க பொண்ணு காதுல போட்டுவச்சதே நான்தான். இவர் பத்தவச்சா நீங்க எவ்வளவு சீக்கிரம் அணைக்கறீங்கன்னு பார்க்க வேண்டாமா?”