களிமண் அக்கா தின்று பார்த்த காணி

மண்ணைத் தின்று சம்பளம் வாங்கிய ஒரே தமிழ்ப் பெண் இந்தப் பூமியில் களிமண் அக்காதான். மறுப்பவர்கள் ஆதாரத்துடன் வரட்டும். பல்லைப் பார்த்தே நான் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

வட ஜெர்மனியில், கடலை நெருங்கிவிட்ட ஓர் ஆற்றங்கரை ஊரில் மண்ணியல் படிக்கப் போயிருந்தேன். எந்நேரமும் தூறல், எந்நேரமும் காற்று. வெயிலில் காய்ந்த சேலத்துக்காரனான எனக்கு அங்கே காலுறை காய்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன் அக்கா. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவர். உண்மையில் என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் அவர் ஒரு அதட்டல் போட்டால் எங்கள் பேராசிரியரே பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அப்படிப்பட்டவரை அக்கா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது?

களிமண் என்ற அடைமொழி, இந்திய மாணவர்கள் நாங்கள் நாலு பேர் முதுகுக்குப் பின்னால் வைத்தது. விஷயம் கசிந்துவிட்டது. இரண்டு நாள் ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகாமல் பதுங்கியிருந்தேன். மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன்.

"சேலம், இங்கை வாங்கோ. எனக்குக் களிமண் எண்டு பேர் வைச்சது நீங்களோ?"

"சாரி அக்கா. சும்மா ஜாலிக்கு..."

"என்னத்துக்கு சாரி? களிமண் லேசுப்பட்ட சாமானோ? தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், உரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். மணல் என்னத்தைப் பிடிச்சு வைச்சிருக்குது, சொல்லுங்கோ பாப்பம்?"

மறுநாள் தன் அறைக் கதவில் அந்தப் பெயரைத் தானே எழுதி ஒட்டிவிட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி தின்னும் கதைக்கு வருகிறேன். மண்ணில் மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று அறிய மற்றவர்கள் ஈர மண்ணை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். அக்காவுக்கு விரல் மீது நம்பிக்கை கிடையாது. ஒரு சிட்டிகை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைப்பார். மணல் என்றால் கடகட. வண்டல் என்றால் மெல்லிய நறநற. களி என்றால் சத்தமே இல்லை, வெண்ணெய் மாதிரி வழுக்கும். அரை நிமிடத்தில் முடிவைச் சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியில் துப்புவார். அதே முடிவைச் சொல்ல எங்கள் இயந்திரத்துக்கு இரண்டு நாள் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஆள் வருவான்.

ஆய்வுக்கூடத்தில் உண்ணவோ பருகவோ கூடாது என்று சுவரில் பெரிய பலகை தொங்கும். பேராசிரியர் ஒருமுறை தயங்கித் தயங்கி அதைச் சுட்டிக்காட்டினார். "நான் சாப்பிடேல்லை, வாசிக்கிறன்" என்று அக்கா ஜெர்மனில் சொன்னதை எனக்குத் தமிழிலும் ஒருமுறை சொல்லிக் காட்டினார்.

மனிதர்களையும் அவர் மண்ணாகத்தான் பார்த்தார். பேராசிரியர் மணல், எதைச் சொன்னாலும் அந்தப் பக்கமாக வடிந்துவிடும். நான் வண்டல். "தண்ணி பட்டால் உடனை இளகிப் போவியள், சேலம்" என்றார். முந்தின வாரம் ஒரு ஆவணப் படம் பார்த்துவிட்டு நான் கண்ணைத் துடைத்ததைக் கவனித்திருக்கிறார்.

அவருடைய பெற்றோர் வீட்டுக் குளிர்பெட்டியில் நடந்த விபத்தையும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்காது, மீன்குழம்பு இருக்கும். இது உலகறிந்த உண்மை. அதை நம்பி, விருந்தாளி வந்த ஒரு ஞாயிறு அவர் அம்மா டோர்ட்மண்டில் ஒரு டப்பாவை எடுத்து அடுப்பில் கவிழ்த்துவிட்டார். அது அக்கா லீவில் போனபோது கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஆற்றோரத்து அடிமண். எந்நேரமும் நீரில் ஊறிக் காற்றே படாமல் கிடக்கும் மண் அது. நீலச் சாம்பல் நிறம், அழுகின முட்டை வாடை. விருந்தாளி அதற்குப் பிறகு அந்த வீட்டில் தேத்தண்ணி மட்டுமே குடித்தாராம்.

அக்காவின் அப்பாவோ முப்பது வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரே ஓர் ஆசை வந்தது. மகள் இருக்கும் ஊரில் சொந்தமாக ஒரு வீடு. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்டே ஆயுள் போய்விட்டது என்பது அவர் வருத்தம். தேடித் தேடி ஒரு காணியும் பிடித்துவிட்டார். ஊர் விளிம்பில், வெள்ளத் தடுப்புக் கரைக்கு இந்தப் பக்கம், பாய் விரித்த மாதிரிச் சமதரை, பச்சைப் புல். வியாழக்கிழமை பத்திரக் கையெழுத்துக்கு நோட்டாரிடம் டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம். அதற்கு முந்தின ஞாயிறு நல்ல நேரம் பார்த்து, கொலோனிலிருந்து உறவுக்காரர்களை வரவழைத்து, ஈசான மூலையில் தேங்காய் உடைக்க ஏற்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வடை உண்டு என்றதால் போனேன்.

அக்கா பட்டுச் சேலை, ரப்பர் பூட்ஸ் சகிதம் வந்து இறங்கினார். கையில் பூத்தட்டு இல்லை. மண் எடுக்கும் நீண்ட இரும்புக் குழாய் இருந்தது. கற்பூரம் அணைவதற்குள் தேங்காய் உடைத்த அதே இடத்தில் குழாயை நட்டு, நைலான் சுத்தியலை என்னிடம் தந்தார்.

"அடியுங்கோ, சேலம்."

அடித்தேன். முதல் முழத்துக்கு வியர்த்தது. அதற்குக் கீழே சுத்தியலே தேவைப்படவில்லை, குழாய் தானாக இறங்கியது. வெளியே இழுத்துப் பார்த்தால் மேலே பழுப்பு, அடுத்துத் துருப்புள்ளி விழுந்த சாம்பல், அடியில் கறுப்பாக, நார்நாராக, பாதி அழுகிய நாணல். வாடை கிளம்பியது. கொலோன் அத்தை ஒருத்தி வடைச் சட்டியைச் சந்தேகத்துடன் முகர்ந்தார்.

அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வாயில் போட்டார். துப்பினார்.

"அப்பா, இந்தக் காணி வேண்டாம். வீடு தாழும்."

"நல்ல நாளிலை என்ன கதை கதைக்கிறாய்?"

"இந்தத் தடுப்புக் கரை கட்ட முந்தி கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஆத்துக்குள்ளை ஏறி இறங்கும். ஏறேக்கை சேறு கொண்டு வரும். பாரமான வண்டலைக் கரையிலையே போட்டிடும். மெல்லிசான களியைத்தான் தள்ளிக் கொண்டுவந்து இங்கை போடும். அதுக்கும் கீழை பழைய நாணல் சதுப்பு. தண்ணியை வடிச்சால் அது சுருங்கும், மேலை இருக்கிறது எல்லாம் இறங்கும்."

"ஒரு மூலையைக் கிண்டிப் போட்டு முழுக் காணியும் பழுதெண்டுறியோ? நான் கையெழுத்து வைக்கத்தான் போறன்."

அவ்வளவுதான். அப்பா காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வடையை யாரும் தொடவில்லை. நான் மட்டும் இரண்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் அக்கா ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு வந்து நின்றார்.

"அப்பா சொன்னது சரி, சேலம். ஒரு துளை போட்டுட்டு வந்து அறிக்கை எழுதிற பொடியளை நான் எத்தினை தரம் ஏசியிருக்கிறன்? அவருக்கு மட்டும் நான் ஒரு துளையோடை தீர்ப்புச் சொல்லிட்டன்."

"அப்ப என்ன பண்ணலாம் அக்கா?"

"நாளைக்கு லீவு எடுத்திருக்கிறன், அம்மாட்டையும் சொல்லிப்போட்டன். காணி முழுக்கப் பாக்கவேணும். நான் பிழையா இருக்கவேணும், அவ்வளவுதான்."

தான் தவறாக இருக்க வேண்டும் என்று அந்த மனுஷி ஆசைப்பட்டதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அதே தூறல். போனால், எங்களுக்கு முன்பே அப்பா அங்கே நிற்கிறார். தடித்த ஜாக்கெட், கையில் தேத்தண்ணி ஃபிளாஸ்க். மகளோடு பேச்சில்லை. என்னிடம் மட்டும், "தம்பி, ஒழுங்கா அடியுங்கோ, அரைகுறையா விடாதையுங்கோ" என்றார்.

பன்னிரண்டு துளை. முதல் துளை மோசம். இரண்டாவது மோசம். மூன்றாவதில் குழாய் இறங்க மறுத்தது. உயிரைக் கொடுத்து அடித்தேன். இரண்டு மீட்டருக்கும் நல்ல இறுகின வண்டல் மண். அக்கா பல்லில் வைத்தார், நறநற. ஒரு சொட்டு அமிலம் விட்டார், அடியில் நுரைத்தது. மழை இன்னும் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போகாத அருமையான மண். "பாத்தியோ!" என்றார் அப்பா. இரண்டு நாளுக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பிள்ளை முகம்.

நாலாவது துளையில் கதை பழையபடி ஆனது. ஐந்து, ஆறு, ஏழு, எல்லாம் கறுப்பு நார். மூன்றாவது துளை ஏதோ ஒரு பழைய ஓடையின் கரை. காணியின் குறுக்கே ஒல்லியாக ஓடியது, அவ்வளவுதான். அந்த அகலத்தில் ஒரு குளியலறை கட்டலாம், படுக்க இடம் இருக்காது. ஆழத்துக்குத் தூண் இறக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு என்று அக்கா சொன்னார். அது அப்பாவின் சக்திக்கு அப்பாற்பட்ட வேலை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

பன்னிரண்டாவது துளை முடிந்தபோது அக்கா குழாயைப் புல்லில் கிடத்தினார். சிட்டிகை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த நாளாக முதன்முறையாக, மண்ணை வாயில் வைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்பா குனிந்தார். அடியில் இருந்த நீலச் சேற்றில் கொஞ்சம் விரலில் எடுத்து நாக்கில் வைத்தார். முப்பது வருடம் குழம்பு ருசி பார்த்த நாக்கு. கண்ணை மூடி இரண்டு மூன்று தரம் வாயை அசைத்தார்.

"வேகேல்லை, பிள்ளை. இது இன்னும் வேகேல்லை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடல் போட்டுவிட்டுப் போகிற சேறு உடனே மண்ணாகிவிடாது. நீர் வடிய வேண்டும், வெடிக்க வேண்டும், வெடிப்பு வழியே காற்றும் வேரும் இறங்க வேண்டும். அதுவரை அது பக்குவப்படாத மண். இதை எங்களுக்குப் புரியவைக்கப் பேராசிரியர் ஒரு பருவம் முழுக்க மன்றாடியிருக்கிறார்.

"ஓம், அப்பா" என்றார் அக்கா. "அதுதான்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"சில நூறு வருசம்."

"அப்ப மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏலாது" என்றார் அப்பா.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் அந்தப் பச்சைப் புல்லையே பார்த்தார். எந்த இடத்தில் அடுப்படி, எந்த இடத்தில் சாமியறை என்று மனதுக்குள் எல்லாம் கட்டி முடித்திருந்தார் போலும். பிறகு கைபேசியை எடுத்து, நோட்டார் அலுவலகத்தைக் கூப்பிட்டு, தன் உணவக ஜெர்மனில் டெர்மினை ரத்து செய்தார். காரணம் கேட்டிருக்க வேண்டும். "என்ரை மகள் வேண்டாம் எண்டு சொல்லிட்டா" என்று ஜெர்மனில் நிமிர்ந்து நின்று சொன்னார்.

ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றி மகளிடம் நீட்டினார். "முதல் வாயைக் கொப்புளி. இவ்வளவு நாளும் உந்த மண்ணைத் திண்டுகொண்டு வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்திருக்கிறாய்." அக்கா கொப்புளிக்கவில்லை. ஒரே மடக்காகக் குடித்துவிட்டு அப்பாவின் ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வண்டல்காரனான நான், நாங்கள் வந்த வேனைக் கழுவப் போவதாகச் சொல்லி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா இப்போது அக்காவின் தெருவிலேயே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார். கேட்காமலே ஆணி அடிக்கிறாராம்.

நான் சென்னையில் ஒரு ஃப்ளாட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏரி பக்கத்தில், நல்ல காற்று. பத்திரம் சுத்தம், அப்ரூவல் எல்லாம் பக்கா என்கிறார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்து வாங்கு, வாங்கு என்றுதான் சொல்கிறார்கள். எனக்காக ஒரு வாய் மண்ணைத் தின்றுவிட்டு, வேண்டாம் என்று சொல்ல அக்கா பக்கத்தில் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.