வடிகட்டிய அழைப்பு

கணினித் திரையில் மைனஸ் மூன்று என்று வந்தது. ரவிக்குமார் பல்லைக் கடித்தான்.

"போயிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள் அவன் மனைவி நாகஜோதி.

"இன்னும் உறுத்துதாம்."

"யாருக்கு?"

"மனுசக் காதுக்கு."

"எனக்கு ஒண்ணும் உறுத்தலையே?"

"உன் காதை யாரு கேட்டா? பொதுவா மனுசக் காதுக்கு."

நாகஜோதி தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

காரைக்குடியில் ஆட்டோ விளம்பரம், கடைத் திறப்பு அறிவிப்பு என்று குரல் பதிந்து கொடுப்பது ரவிக்குமாரின் பிழைப்பு. அந்த மென்பொருளை அவன் புதிதாக இறக்கியிருந்தான். ஒலியில் இருக்கும் கோளாறு மனிதக் காதுக்கு எவ்வளவு உறுத்தும் என்று அது எண் போட்டுச் சொல்லும். பூஜ்ஜியம் என்றால் கோளாறு காதுக்கே தெரியாது. மைனஸ் நான்கு என்றால் காதைப் பொத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

இப்போது திரையில் இருந்தது விளம்பரம் அல்ல. நாகஜோதி தன் தம்பி வீரப்பனைக் காதுகுத்துக்குக் கூப்பிடும் குரல்.

வெள்ளிக்கிழமை மகள் அகல்யாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மாமனோ சிங்கம்புணரியில் முறுக்கிக்கொண்டு இருந்தான். காரணம் ரவிக்குமாரின் மைக்செட். பிள்ளையின் முதல் பிறந்தநாள் விருந்தில் பெரியப்பன், சித்தப்பன், ஒன்றுவிட்ட பங்காளி பெயரெல்லாம் கணீரென்று கேட்டன. "தாய்மாமன்" என்றதும் ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது. வீரப்பன் பெயர் ஒருத்தர் காதிலும் விழவில்லை. வேண்டுமென்றே செய்தார்கள் என்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போனவன்தான்.

'எங்க அக்கா வாய் தொறந்து கூப்பிட்டா வாரேன்' என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தான். நாகஜோதிக்கும் அதே ரத்தம்தானே ஓடுகிறது?

"இலையில உக்காராமப் போனவன் அவன். நான் எதுக்குப் போன் போடணும்?"

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒருவழியாக இறங்கி வந்தாள். போனில் பேசமாட்டாள். பதிந்து வேண்டுமானால் அனுப்பிக்கொள்ளலாம். அதுவும் ஒரு தடவைதான் பேசுவாள்.

அந்த ஒரு தடவைக்கு ரவிக்குமார் செய்த ஏற்பாடு கொஞ்சநஞ்சமல்ல. அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய செட்டியார் வீட்டின் முன்பகுதியில். தேக்குக் கதவை யானை முட்டினாலும் அசைக்க முடியாது. அதைத் தாழ்ப்பாள் போட்டான். ஆத்தங்குடிக் கல் எதிரொலிக்கும் என்று தரையெல்லாம் ஜமுக்காளம் விரித்தான். ஃபேனை நிறுத்தி, செல்போன்களை அணைத்து, காலிங்பெல் ஒயரையும் பிடுங்கிப் போட்டான்.

நாகஜோதி மைக் முன்னால் நின்றாள். சிங்கம்புணரிக்கு நேராகவே கேட்க வேண்டும் என்பதுபோல உரக்கக் கூப்பிட்டாள். "தம்பி, வாடா! அக்கா கூப்பிடுறேன், வாடா! நீ இல்லாம எனக்கு யாருடா இருக்கா, வாடா!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ரவிக்குமார் அதைப் போட்டுக் கேட்டபோதுதான், அவள் குரலுக்கு அடியில் டொம் டொம்மென்று ஒரு அதிர்வும் ஏதோ உறுமலும் இருப்பது தெரிந்தது.

"பக்கத்துல எங்கிட்டோ கொத்தனார் வேலை பாக்குறான். இன்னொருக்கப் பேசிரு புள்ள."

"ஒருக்கத்தான்னு சொன்னேன்ல?"

திருத்த ஆரம்பித்தான். அடியில் இருந்த சத்தத்தை ஒரேயடியாக வெட்டினான். நாகஜோதி குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் ஆனது. எடுப்பாக இருக்கட்டும் என்று மேல் ஸ்தாயியைக் கூட்டினான். "தம்பி" வெடித்தது. மென்பொருள் மைனஸ் மூன்று என்று காட்டியது இந்த இடத்தில்தான்.

பிறகு ஒரு விஷயம் படித்தான். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னச் சத்தம் மனிதக் காதில் விழாதாம். உடனே நாதசுரத்தைச் சேர்த்தான். கோளாறு மறைந்தது. திரையில் பூஜ்ஜியம்!

"எப்படி?" என்றான் பெருமையாக.

நாகஜோதி முழுக்கக் கேட்டாள். "நாயனம் நல்லாருக்கு. இதுல நான் எங்க?"

நாதசுரத்தைத் தூக்கிவிட்டு, சோறு தண்ணியில்லாமல் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல அந்தச் சத்தத்தை மட்டும் பொறுக்கித் தனியே எடுத்து வைத்தான். மீண்டும் பூஜ்ஜியம். குரல் மணி மாதிரி இருந்தது. அனுப்பினான்.

வீரப்பனிடமிருந்து பதில் வந்தது. 'நீங்க கூப்பிடுற லட்சணம் எனக்குத் தெரியாதா?'

"பாத்தியா? அவன் காதுக்கு இன்னும் உறுத்துது!" என்றான் ரவிக்குமார். இன்னும் கொஞ்சம் மெருகேற்றி அனுப்பினான்.

'மறுபடியும் அதே கூப்பாடுதானா? போதும் மச்சான்.'

நாகஜோதி அந்தச் செய்தியைப் படித்தாள். மகளுக்கு வாங்கிய பட்டுப்பாவாடையை மடித்துப் பீரோவில் வைத்தாள். அதைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை. செல்போனையும் நல்ல ஸ்பீக்கர் ஒன்றையும் எடுத்துக்கொண்டு சிங்கம்புணரிக்கு வண்டியை விட்டான்.

இவனைக் கண்டதும் வீரப்பன் கொல்லைப்பக்கம் போய்விட்டான். அவன் மனைவி சத்தியப்பிரியாதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உக்காருங்கண்ணே. மதினி நல்லா இருக்காகளா?"

"அவ எங்க நல்லா இருக்கா? தங்கச்சி, நீயே நியாயம் சொல்லு. இதைக் கேளு."

போட்டுக் காட்டினான். சத்தியப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மதினி பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்குண்ணே."

"அப்புறம் மாப்ளைக்கு மட்டும் என்ன உறுத்துது? இதுல இருந்து எம்புட்டுக் கோளாறை எடுத்தேன் தெரியுமா? எடுத்ததை எல்லாம் தனியா வச்சிருக்கேன். அதையும் கேளு, என் பாடு உனக்கே தெரியும்."

பொறுக்கி எடுத்த சத்தத்தை மட்டும் ஸ்பீக்கரில் போட்டு, முழுதாகக் கூட்டி வைத்தான். மேலே மறைத்துக்கொண்டிருந்த நாகஜோதியின் குரல் இப்போது இல்லை. டொம், டொம், டொம் என்று கட்டையில் கை மோதும் சத்தம். பிறகு கனத்த மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல்.

"யக்கா! யக்காவ்! நான்தான்க்கா!"

ரவிக்குமார் ஸ்பீக்கரைப் பார்த்தான். கொல்லைப்பக்கம் பார்த்தான். தண்ணீர்ச் செம்பு கையிலேயே இருந்தது.

சத்தியப்பிரியா அதைக் கையிலிருந்து பிடுங்கினாள். "நீங்க இதைப் பதிஞ்ச அன்னைக்கு இவுக கோவத்தையெல்லாம் விட்டுட்டு, பிள்ளைக்குத் தோடும் கையுமா உங்க வாசல்லதான் வந்து நின்னாக. ஏண்ணே, உள்ள இருந்துக்கிட்டு 'வாடா வாடா'ன்னு கூப்பிட்டுக்கிட்டே கதவைத் தொறக்காம இருந்தா மனுசனுக்குக் கோவம் வராதா?"