நாவைலோமாவின் நாற்பத்து மூன்றாவது கைதட்டல்

கடலின் உயிர்ச் செல்வத்தை நிலைத்த முறையில் மேலாண்மை செய்வதில் வளரும் நாடுகளின் பங்கு என்ன என்று ஐந்து கண்டத்து அறிஞர்களும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். விடை ஃபிஜியில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், சுவா நகரில், மூன்றாம் மாடியில், என் மேசைமேல் இருக்கிறது. நான் வைசாக்கே, 'கடல் மரபணு வள ஒப்புதல் பிரிவின்' முதுநிலை எழுத்தர். பிரிவில் இளநிலை எழுத்தர் கிடையாது.

எங்கள் பங்கு ஒப்புதல் தருவது. எடுப்பது, ஆராய்வது, மருந்தாக்குவது, விற்பது போன்ற சில்லறை வேலைகளை வளர்ந்த நாடுகள் பெருந்தன்மையோடு தாங்களே பார்த்துக்கொள்கின்றன.

ஒப்புதலை அளக்க ஒரு முறை வேண்டுமல்லவா? அதை வகுத்தவன் நான். எங்கள் ஊர்களுக்கு வருகிற விருந்தாளி யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். ஊர் அதை ஏற்றுக்கொண்டால் வேரை இடித்து, தண்ணீரில் கரைத்து, எல்லாரும் குடித்துக் கைதட்டுவார்கள். 'வாங்க, உட்காருங்க' என்பதற்குமேல் அதற்குப் பொருளில்லை. நான் அந்தக் கைதட்டலைப் படிவத்தில் 'முழு விவரமறிந்த ஒப்புதல்' என்று சேர்த்தேன். இயக்குநர் கண்கலங்கிவிட்டார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாவைலோமா என்ற கடலோர ஊருக்கு வெளிநாட்டு ஆய்வாளர் டாக்டர் ஹால்வரின் கப்பல் வந்தபோது நாற்பத்திரண்டு கைதட்டல்கள் பதிவாயின. பவளப்பாறைக்கு அடியில் ஊதா நிறக் கடற்பஞ்சு வளரும் இடத்தை ஊர்த் தலைவரின் தங்கை ஆசினாத்தே தானே முங்கிக் காட்டினாள். புண்ணுக்கு அதைப் பிழிந்து விடுவது அந்த ஊர்ப் பழக்கம். வெளிநாட்டில் அதிலிருந்து வலிமருந்து ஒன்று பிறந்தது. 'கண்டுபிடித்தவர்' ஹால்வர். 'பயன் பகிர்வாக' ஊருக்கு எட்டுப் பெட்டி டின் மீன் போய்ச் சேர்ந்தது. மீன்பிடிக்கிற ஊருக்கு மீனையே அனுப்பியதில் எத்தனை நுட்பமான புரிதல் இருக்கிறது பாருங்கள்.

இந்த ஆண்டு ஹால்வருக்கு இன்னும் நான்கு மூட்டை பஞ்சு தேவைப்பட்டது. அதற்குள் ஊர்த் தலைவர் காலமாகியிருந்தார். தலைவர் இறந்தால் அவருடைய கடலுக்கு நூறு நாள் தம்பு, அதாவது தடை. கரையோரத் தண்ணீரில் ஒரு கழி நடுவார்கள். அந்த நாட்களில் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. நூறாம் நாள் கடல் திறந்து, அன்று பிடித்த மீனை ஊரே கூடித் தின்றால்தான் துக்கம் முடியும். இடையில் யாராவது இறங்கினால் இறந்தவருக்கு அவமானம், கழிக்குக் காவலிருப்பவருக்குத் தலைகுனிவு. காவல் ஆசினாத்தேயுடையது. நானும் ஹால்வரும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அறுபத்தோராம் நாள் காலை.

ஊர்க்கூடத்துப் பாயில் உட்கார்ந்தோம். ஹால்வர் இடுப்பில் எங்கள் ஊர் வேட்டியான சூலுவைக் கட்டிக்கொண்டு வேர்க்கட்டை மரியாதையாக முன்னால் வைத்தார். யாரும் தொடவில்லை.

"அக்கா, டாக்டர் அரை நாள்தான் கேக்கறாரு," என்றேன் ஆசினாத்தேயிடம்.

"அறுபது நாளா டின் மீன் தின்னுட்டிருக்கோம், தம்பி. என் பேரன் மீனுக்கு மூடி உண்டுன்னு நெனச்சுட்டிருக்கான். எங்களுக்கே இல்லாத கடல் இவருக்கு மட்டும் எப்படி?"

"நீங்க எறங்கினா வயித்துக்கு. அது 'பயன்பாடு'. அவர் அறிவுக்கு எறங்கறாரு. அது 'ஆய்வு'."

"அப்போ நானும் அறிவுக்கு எறங்கி ஒரு ஆக்டோபஸ் புடிச்சுட்டு வரேன். வெந்ததும் என்ன தெரிஞ்சுதுன்னு சொல்றேன்."

"அதுக்குத் தனிப் படிவம் இருக்குக்கா."

"எங்கண்ணன் செத்ததுக்குப் படிவம் இருக்கா? நாப்பது நாள் கழிச்சு வரச் சொல்லு. நானே முங்கி எடுத்துத் தரேன்."

"காப்புரிமைக்குக் கெடு பதினஞ்சு நாள்தான். சாவுக்கு அப்படிக் கெடு ஒண்ணும் இல்லையே."

"இருக்கே. நூறு நாள்."

அதோடு ஊர் வாயை மூடிக்கொண்டது. முப்பது பேர், அறுபது கைகள், அத்தனையும் மடியில் கிடந்தன. என் பணிக்காலத்தில் இப்படியொரு ஒத்துழையாமையை நான் கண்டதில்லை. படிவத்தில் 'மறுப்பு' என்று ஒரு கட்டம் முன்பு இருந்தது. தாளை மிச்சப்படுத்த நான்தான் அதை எடுத்திருந்தேன்.

ஆசினாத்தேயின் முழங்கையில் வெகுநேரமாகக் குடித்துக்கொண்டிருந்த ஒரு கொழுத்த கொசு கிளம்பி நேரே என் மூக்குக்கு வந்தது. இரண்டு கையையும் சேர்த்துப் படாரென்று அடித்தேன்.

ஹால்வரின் முகம் மலர்ந்தது. "விநாக்கா," என்று எங்கள் மொழியில் நன்றி சொல்லிவிட்டு எழுந்து, தடைக்கு வெளியே கட்டியிருந்த படகுக்கு நடந்தார்.

நான் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். 'அது கொசு' என்பதை அலுவலக நடையில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் எஞ்சின் சத்தம் கேட்டுவிட்டது. 'ஒப்புதல்: ஒன்று' என்று எழுதினேன்.

படகு கழியை இடித்துச் சாய்த்துவிட்டு உள்ளே போனது. ஆசினாத்தே கரைவரை ஓடி நின்றுவிட்டாள். சாய்ந்த கழியை நிமிர்த்தக்கூட அவளால் தண்ணீரில் இறங்க முடியாது. அவளுக்குத் தம்பு அப்படியேதான் இருந்தது. அண்ணன் பெயரைச் சொல்லி அவள் அழுததைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

"யாரு தட்டுனதுன்னு எழுதுவே?" என்று கேட்டாள்.

நான் படிவத்தைப் புரட்டினேன்.

"கையைக் காட்டு."

விரித்தேன். உள்ளங்கையில் சிவப்பாக அப்பியிருந்தது.

"ரத்தம் என்னுது. தட்டுனது நீ. எறங்குனது அவரு. எழுதறதைச் சரியா எழுது, தம்பி."

எழுதத்தான் போனேன். தாளை அழுத்திப் பிடித்ததில் 'ஊர் சார்பில்' என்ற கட்டத்தில் அந்தக் கறை ஒட்டிக்கொண்டது. இயக்குநர் அதைக் கைநாட்டு என்று ஏற்றுக்கொண்டார்.

ஒரே பயணத்தில் நான்கு மூட்டை கிடைத்ததால் பிரிவு விரிவாக்கப்பட்டிருக்கிறது. எனக்குக் கீழே இப்போது ஒரு இளநிலை எழுத்தரும் உண்டு. அடுத்த மாதம் இருவரும் பக்கத்துத் தீவுக்கு ஒப்புதல் பெறப் போகிறோம். கொசுவர்த்தி எடுத்துவரக் கூடாது என்று அவருக்கு எழுத்துமூலம் உத்தரவிட்டிருக்கிறேன்.