அதிகப்படியானது எது?

கோவண்டியில் உள்ள எங்கள் குடோனுக்கு வரும் சரக்கை எண்ணி வாங்குவதும், கடைகளுக்கு எண்ணி அனுப்புவதும் கிளார்க் இசக்கிப்பாண்டியின் வேலை. லாரியிலிருந்து இறக்குவது எங்கள் ஐந்து பேரின் வேலை. ஒரு திங்கட்கிழமை சரக்கோடு வந்த சலானில் மிக்ஸிப் பெட்டி நாற்பது என்று இருந்தது. இறங்கியது நாற்பத்தொன்று.

குறைந்து வந்தால் எழுதுவதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் உண்டு. கூடி வந்தால் கட்டம் இல்லை. கம்பெனி அதை எதிர்பார்க்கவில்லை. இசக்கிப்பாண்டி உள்ளதை உள்ளபடி தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தார்.

"மேற்படி அதிகப்படிப் பெட்டி எது என்று அடையாளம் காணப்படும்வரை அனைத்துப் பெட்டிகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. அடையாளம் காட்டத் தவறினால் கிளார்க் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்" என்று உத்தரவு வந்தது.

விசாரிக்க மாட்டுங்காவிலிருந்து அதிகாரி பஞ்சாபகேசன் வந்தார். பெட்டிகளைச் சுற்றி நடந்தார்.

"எல்லாம் ஒரே மாதிரின்னா இருக்கு?"

"ஒரே சரக்கு சார். ஒண்ணைத் திருப்பி அனுப்பிட்டா போதும்லா" என்றார் இசக்கிப்பாண்டி.

"எதை அனுப்பறது? நியாயமா வந்த பெட்டியை அனுப்பிட்டா யார் பதில் சொல்றது? கடைசியா இறங்கினது எது?"

"இந்தா, இதுதான்."

"அப்போ அதுதான் அதிகப்படி."

"கடைசியா இறங்குனது முதல்ல ஏத்துனதுல்லா சார்? லாரிக்குள்ள ஆழத்துல கெடந்தது."

அதிகாரி யோசித்தார். "அப்போ முதல்ல இறங்கினது?"

"அதுக்கு மேல எல்லாத்தையும் அடுக்கியாச்சு. எதுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்."

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை இறக்கினேள்?"

எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் டீ குடித்திருந்தோம்.

"சொல்லுங்கடே" என்றார் இசக்கிப்பாண்டி. "எம் பொழப்பு இப்ப உங்க கையிலதான் இருக்கு."

"நாங்க தூக்குவோம் சாப், எண்ண மாட்டோம்" என்றான் லாசர். மற்ற நால்வரும் தலையாட்டினோம்.

அறிக்கை தெளிவாக இருந்தது. பெட்டிகளில் அதிகப்படி ஏதும் இல்லை, எண்ணியதில்தான் அதிகம். எண்ணியவர் ஒருவரே. ஆகவே அதிகப்படியானவர் அவர். இசக்கிப்பாண்டி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு தாராவியில் உள்ள வீட்டுக்குப் போனார். நாற்பத்தொரு பெட்டியும் நாற்பது என்ற பெயரில் தாதர் கடைக்குப் போயின. கடைக்காரர் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்.

அதிகப்படியைக் கண்டுபிடிக்கும் இந்த முறை கம்பெனிக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த மாதம் எங்களுக்கு உத்தரவு வந்தது: "சரக்கு இறக்க அனுமதிக்கப்பட்டவர்கள் நால்வர். அதிகப்படியானவர் எவர் என்பதைத் தொழிலாளர்களே ஆளுக்கொரு சீட்டில் ரகசியமாகத் தெரிவிக்கவும்."

ரகசியம் என்றதால் தைரியமாக எழுதினோம். ஐந்து சீட்டிலும் ஐந்து வெவ்வேறு பெயர்கள் இருந்தன.

தலைமை அலுவலகம் ஐந்தையும் ஏற்றுக்கொண்டது.