நடையை அளந்த பொட்டுச் சேர்

நடக்கத் தெரியாத ஒரு மனிதரை மட்டக்களப்பு முழுவதும் தேடிக் காட்டச் சொன்னால், நான் தேடவே மாட்டேன். எங்கள் பொட்டுச் சேரைத்தான் காட்டுவேன். வாசற்படியில் தடுக்குவார். படி இல்லாத வாசலிலும் தடுக்குவார். விரித்த பாயில், வெறும் மணலில், ஆள் இல்லாத றோட்டில் தடுக்கி விழுவார். அப்படிப்பட்டவர் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? மற்றவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று அளப்பது.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. ஊரில் ஒருவருக்கும் அது வாயில் வரவில்லை. ஆட்களின் கணுக்கால், முழங்கால், இடுப்பு, முழங்கை, தோள் என்று மூட்டுக்கு மூட்டு வெள்ளி நிறப் பொட்டு ஒட்டி, நடக்கச் சொல்லிப் படம் எடுப்பார். படத்தைக் கொம்பியூட்டரில் போட்டால் ஆள் மறைந்துவிடும். பொட்டுகள் மட்டும் தனியாக நடக்கும். அதனால் பொட்டுச் சேர்; சாரை நாங்கள் சேர் என்போம். கைகால் எப்படித் தொழில் பழகுகிறது, வயது போனவர்கள் ஏன் விழுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நாவற்குடாவில் இருந்து வந்து, களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் வாவியோரம் இருக்கும் எங்கள் ஊரில், என் வீட்டு முன்னறையில் எட்டு மாதம் குடியிருந்தார்.

வந்த அன்றைக்கே பெட்டியோடு என் வாசலில் விழுந்தார். நான் பதறிக்கொண்டு ஓடினேன். மனிதர் எழும்பவில்லை. படுத்தபடியே சட்டைப் பையில் இருந்து அளவுநாடாவை எடுத்துப் படியை அளந்தார்.

"அம்மா, உங்கட ரெண்டாம் படி மத்தப் படியவிட அரை அங்குலம் உசரம். கால் முதல் படியப் பழகிப்போட்டு, அடுத்ததும் அப்பிடித்தான் எண்டு நினைக்கும். அதுதான் விழுந்தன்."

"முப்பது வருசமா இதுலதான் ஏறி இறங்குறம் சேர். ஒருத்தரும் விழல்ல."

"உங்கட காலுக்குத் தெரியும். என்ட காலுக்கு இப்பதான் சொல்லியிரிக்கு."

சொல்லியும் அந்தக் கால் கேட்கவில்லை. மறுநாளும் விழுந்தார்.

முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்க அவருக்கு வராது. எதிர்வீட்டுப் பூமணி கடையில் நின்று "என்ன சேர், சுகமா?" என்று கேட்டால், யாரோ எவரோ என்று விழிப்பார். பூமணி கோபித்துக்கொண்டு நாலு அடி நடந்தால் போதும். "ஆ, பூமணியக்கா. இடது கால் உள்ளுக்குக் கிறுகுது. நீங்கதான்" என்பார். பூமணிக்கு அதற்கும் கோபம் வரும்.

ஒரு கலியாண வீட்டில் பெண் மண்டபத்துக்குள் அழுதுகொண்டே நடந்து வந்தாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். பிரிந்து போகிறவன் அவன், இவள் எதற்கு அழுகிறாள் என்று பெண்கள் எல்லாரும் குசுகுசுத்தார்கள். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று மாப்பிள்ளையின் தாய்க்கு முகம் கறுத்துவிட்டது. பொட்டுச் சேர் மட்டும் பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டு இருந்தார். அதைப் பார்த்து ஆட்கள் வேறு முறைத்தார்கள். கடைசியில் அவர் எழும்பி, "மனவருத்தம் ஒண்டுமில்ல. செருப்பு ஒரு அளவு சின்னன். குதிக்காலப் பாருங்க" என்றார். செருப்பைக் கழற்றியதும் பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய் சேருக்கு இரண்டு தரம் பலகாரம் கொண்டுவந்து வைத்தாள்.

ஊரை அளக்கத் தொடங்கிய முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். "வழக்கமா உடுக்கிறத உடுத்திட்டு வாங்க. வழக்கமா நடக்கிற மாதிரி நடவுங்க" என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தார். படம் எடுக்கப் போகிறார்கள் என்பது மட்டும்தான் ஊரின் காதில் விழுந்தது. விடிந்து பார்த்தால் வாசிகசாலை வெளியில் பெண்கள் எல்லாரும் அம்மன் சடங்குக்கு வந்தது போல் பட்டுச் சேலையில் நிற்கிறோம். பூமணி கலியாணக் கூறையையே உடுத்தி வந்திருந்தாள். சேர் முழங்காலை எங்கே தேடுவார்? சேலைக்கு மேலேயே பொட்டை ஒட்டினார். பொட்டு ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. ஒவ்வொருத்தியும் தலையைக் குனிந்து, மணவறைக்குப் போகிறவள் போல் அடி மேல் அடி வைத்து நடந்தோம்.

அன்று பின்னேரம் சேர் கொம்பியூட்டருக்கு முன்னால் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"அம்மா, இந்தக் கணக்குப்படி இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல கால்வாதம் வந்திரிக்கு."

"வாதமில்ல சேர். வெக்கம்."

அதற்குப் பிறகு அவர் ஒரு தந்திரம் பழகிக்கொண்டார். "முடிஞ்சுது, வீட்ட போங்க" என்று சொல்லிவிட்டுக் கமெராவை நிறுத்தாமல் விடுவார். வீட்டுக்குப் போகிற நடைதான் உண்மையான நடையாம்.

அடுத்ததாக மாட்டினவன் வீச்சுவலைக்காரன் சின்னத்தம்பி. அவன் வலையை எறிந்தால் அது வாவியில் தட்டம் போல வட்டமாக விரியும். அந்தக் கையை அளக்க வேண்டும் என்று, பொட்டு ஒட்டி, காய்ந்த தரையில் எறியச் சொன்னார். சின்னத்தம்பி எறிந்தான். குறை சொல்ல முடியாத எறிதான். சேர், கமெரா, அந்தப் பக்கமாகப் போன ஒரு ஆடு மூன்றும் உள்ளே. வலைக்குள் இருந்தபடியே சேர் கேட்டார்.

"அண்ணன், எறியிற நேரம் வலது முழங்கைய எந்த அளவுல மடக்கிறீங்க?"

தனக்கு ஒரு முழங்கை இருக்கிறது என்பதையே சின்னத்தம்பி அன்றைக்குத்தான் யோசித்தான். அதோடு போச்சு. மறுநாள் வாவியில் முழங்கையை நினைத்து எறிய, வலை நனைந்த சாக்குப் போல ஒரே இடத்தில் விழுந்தது. மூன்று நாள் மீன் இல்லை. நாலாம் நாள் அவன் பெண்சாதி வெறும் கூடையோடு என் வாசலுக்கு வந்தாள்.

"சேர், என்ட மனிசன்ட கையில என்னத்த ஒட்டினீங்க? பொட்டக் கழட்டியும் வலை விரியுதில்ல. மனிசன் சோறு திங்கக்குள்ளயும் முழங்கையத்தான் பாக்கிறார்."

சேர் மறுநாள் விடிய முதலே கரைக்குப் போனார். "அண்ணன், முழங்கைய விடுங்க. மீன் துள்ளுற இடத்த மட்டும் பாத்து எறியுங்க" என்றார். வலை பழையபடி வட்டமாக விரிந்தது. கையைப் பார்த்தால் கை குழம்பும், வலை விழும் இடத்தைப் பார்த்தால் கை தன் வேலையைத் தானே செய்யும் என்று சேர் கொப்பியில் எழுதிக்கொண்டார். "எழுதுங்க சேர். ஆனா இனி என்ட மனிசனிட்ட ஒண்டும் கேக்காதீங்க" என்றாள், கூடையோடு கரையில் நின்ற அவன் பெண்சாதி.

இப்படி ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது.

என் வயல் வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வட்டையில் இருக்கிறது. அங்கே போக வாவியைக் கடக்கும் மிதவைப் படகு ஒன்று உண்டு. அதை நாங்கள் பாதை என்போம். ஒரு நாள் அந்தப் பாதையில் இருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்துவிட்டேன். கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் கொழும்பில் இருக்கும் என் மகன் ரவிக்குச் செய்தி போய்விட்டது. போனில் வந்தான்.

"அம்மா, இனி அக்கரைக்குப் போகக்கூடா."

"வெள்ளாம வெட்டு வருது. நான் போகாம ஆர் போற?"

"குத்தகைக்காரர் பாப்பார்தானே."

"மெசின்காரன் மூலைக்கு மூலை நெல்ல விட்டுட்டுப் போவான். குத்தகைக்காரர் அவனோட தேத்தண்ணி குடிச்சிட்டு நிப்பார். ஒரு வெட்டுக்கும் நான் வரம்புல நிக்காம இருந்ததில்ல."

"விழுந்து இடுப்பு முறிஞ்சா என்ன செய்யிற? சரி, பொட்டுச் சேர் அளந்து, போகலாம் எண்டு எழுதித் தரட்டும். மறுகா நான் ஒண்டும் சொல்லல்ல."

என் வயலுக்கு நான் போக, என் வீட்டு முன்னறையில் இருக்கிறவரின் கையெழுத்து வேண்டுமாம். பொறுத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் சேருக்கு நண்டுக்கறி ஆக்கினேன். மறுநாள் இறால். அதற்கு மறுநாள் மறுபடியும் நண்டு. மூன்றாம் நாள் விரலைச் சூப்பிக்கொண்டே சேர் சொன்னார், "கறி நல்லாரிக்கு அம்மா. அளவு வேற."

அளவு என்றால் பெரிய வித்தை இல்லை. கதிரையில் இருந்து எழும்ப வேண்டும். மூன்று மீற்றர் தள்ளி வைத்திருக்கும் தேங்காயைச் சுற்றி வந்து திரும்பக் கதிரையில் இருக்க வேண்டும். சேர் கமெராவில் பார்த்து நேரம் எடுப்பார். நான் பொட்டெல்லாம் ஒட்டிக்கொண்டு, பிழை விடக்கூடாது என்று வாயை இறுக்கி மூடி, என் காலையே பார்த்து, அடி அடியாக எண்ணி நடந்தேன். தேங்காயடியில் கிறுகித் திரும்பும்போது உடம்பு ஒரு ஆட்டம் ஆடியது. கை போய் மாமரத்தைப் பிடித்தது.

சேர் நேரத்தைக் கொப்பியில் எழுதினார். பிறகு, "அம்மா, போகலாம் எண்டு எழுத ஒண்ணாது" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். சேர் என்ற சொல் எங்கே போனதோ தெரியவில்லை. பெற்ற மகனை ஏசுவது போல 'மனே' என்றுதான் வந்தது.

"ஒரு தேங்காயச் சுத்தினதுக்கு என்னை மூலையில இருத்தப் போறியா மனே? உன்ட கால் உனக்குச் சொல்லுக் கேக்குதா? நேத்து என்ட கோழிக்கூட்டுக்கு மேல விழுந்தது ஆரு? அடைவைச்ச முட்டைய உடைச்சது ஆரு? நீ வந்து என்னை அளக்கிறாய்."

ஏசிக்கொண்டே கதிரையைத் தூக்கி உள்ளே வைத்தேன். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி வாழைக்கு ஊற்றினேன். கொடியில் காய்ந்ததை எடுத்தேன், கோழியைக் கலைத்தேன், அந்தத் தேங்காயையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் சேர் கமெராவோடு பின்னால் வருகிறார். கிணற்றுக் கட்டில் தடுக்கி விழுந்தவர், கமெராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கிடக்கிறார்.

"ஏசுறத நிப்பாட்டாதீங்க அம்மா. இன்னும் கொஞ்சம்."

"கேட்டா எனக்கு ஏச்சு வராது மனே."

பிறகு கொம்பியூட்டரில் காட்டினார். முதலில் ஒரு கூட்டம் பொட்டு, குடித்தவன் போலத் தள்ளாடித் தேங்காயைச் சுற்றியது. அடுத்தது இன்னொரு கூட்டம் பொட்டு. ஒவ்வொரு அடியும் ஒரே அளவு. தலை நிமிர்ந்து, ராணி மாதிரி. இரண்டும் நான்தான்.

"வயது போன ஆக்கள் நடக்கக்குள்ள கதைச்சா, அனேகமா கால் தடுமாறும். உங்களுக்கு நேர் மாறு. வாய மூடினா காலப் பாக்கிறீங்க. பாத்தா பிழைக்குது. சின்னத்தம்பியண்ணன்ட முழங்கை மாதிரி. பாதையில விழுந்த அண்டைக்கு ஆரோட கதைச்சிட்டு இறங்கினீங்க?"

எனக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்றைக்கு எனக்கும் பூமணிக்கும் சண்டை. அவள் ஆடு என் முருங்கையைத் தின்றுவிட்டது. ஒரே பாதையில் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை. கரை வரும் வரைக்கும் நான் ஒரு சொல் பேசவில்லை. சொன்னேன். சேர் சிரிக்காமல் கொப்பியில் எழுதினார்.

ஆனாலும் ஒரு தரம் பார்த்து எழுத மாட்டாராம். ஆராய்ச்சிக்காக நானும் பூமணியும் சமாதானமாக வேண்டி வந்தது. ஒரு கிழமை நாங்கள் மூவரும் பாதையில் போய் வந்தோம். ஒரு தரம் கதைத்துக்கொண்டு இறங்க வேண்டும், ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். வாயை மூடும் முறைகளில் பூமணி என் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்த ஒரு கிழமையில் தண்ணீருக்குள் விழுந்தவர் ஒரே ஒரு ஆள். கொப்பி நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் ரவிக்கு எழுதினார். 'உங்கள் அம்மா வயலுக்குப் போகலாம். பாதையைக் கரையில் கட்டிய பிறகு கடைசி ஆளாக இறங்க வேண்டும். கம்பியைப் பிடிக்க வேண்டும். கதைக்க ஒரு ஆள் இருக்க வேண்டும். பேசாமல் வாருங்கள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லக் கூடாது.' ரவி அதை வாசித்துவிட்டுப் போனில், "அம்மா, என்னத்தக் குடுத்து எழுதுவிச்சீங்க?" என்றான். "நண்டு குடுத்தும் எழுதாத மனிசன்டா அது" என்றேன். அந்த வெட்டுக்கு வரம்பில் நின்று மெசின்காரனை நாலு மூலைக்கும் திருப்பி அனுப்பினேன்.

பொட்டுச் சேர் இப்போது மன்னார்ப் பக்கம். அங்கே யாரை அளக்கிறாரோ, எதில் விழுகிறாரோ. பூமணிக்கு எல்லா நாளும் என்னோடு வர முடிவதில்லை. அவள் வராத நாட்களில் நான் பாதையில் ஏறியதும் அவருக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி மடியில் செருகிக்கொள்வேன். எந்த வேலையில் நின்றாலும் எடுப்பார். நான் கதைக்கக் கதைக்க என் மடிக்குள் இருந்து "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று கேட்கும். பாதையில் வருகிற சனம் எல்லாம் சிரிக்கும். நான் கரையில் இரண்டு காலையும் வைத்துவிட்டேன் என்று சொன்னால்தான் அவர் போனை வைப்பார். அதனால் நான் உடனே சொல்வதில்லை. வரம்பு வரைக்கும் நடந்து, இன்னும் நாலு கதை கதைத்துவிட்டுத்தான், "இறங்கிட்டன் மனே" என்பேன்.