மூன்றாவது குறுக்குத் தெருவின் மகா யுத்தம்

உலகத்தின் மாபெரும் போர்களெல்லாம் கண்காணாத தேசங்களில் நடந்து முடிந்ததற்கு ஒரே காரணம், அந்தத் தளபதிகளில் ஒருவருக்குக்கூட மாடம்பாக்கத்துக்கு வழி தெரியாததுதான். தெரிந்திருந்தால் பீரங்கி, குண்டு, விமானம் எல்லாவற்றையும் மிச்சம் பிடித்திருப்பார்கள். மாடம்பாக்கம் தாண்டி, பூங்குயில் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில், யாரும் ஒரு வெங்காய வெடிகூடப் போடாமலேயே சகல நாசமும் தயாராக இருந்தது. பாதாளச் சாக்கடைக்கென்று தோண்டினார்கள். தோண்டுகிற வரைக்கும் படு உற்சாகமாக இருந்தார்கள். அப்புறம், சாக்கடை பாதாளத்திலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்கள்.

இந்தத் தெருவின் நலச் சங்கச் செயலாளர் அனந்தகிருஷ்ணன். சர்க்கார் உத்தியோகத்தில் கட்டடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தை வாடகைக்கு விடுவது, திரும்ப வாங்குவது, வாங்கும்போது சுவரில் புதிதாக ஆணி அடித்திருக்கிறார்களா என்று தடவிப் பார்ப்பது, இதுதான் அவருடைய வாழ்நாள் தொண்டு. பள்ளத்தை மூடச் சொல்லி அவர் எழுதிய மனுக்களில் ஒரு கமா பிசகியிருக்காது. 'சம்பந்தப்பட்ட அலுவலகம்' அவற்றை மரியாதையோடு வாங்கி, மரியாதையோடு அடுக்கி வைத்திருந்தது. அது எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் கோப்புக்குக் கோபம் வரும்.

மனுக்களுக்குக் காரணம் அவர் சம்சாரம் அபிதகுஜாம்பாள். பங்குனியில் மாமிக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு, பள்ளத்தின் குறுக்கே போட்ட பலகை மேல் தள்ளாடித் தள்ளாடி வீடு சேர்த்தார்கள். "சமதளமா இருக்கற இடத்துல தினமும் நடக்கணும் மாமி. இல்லேன்னா புது முட்டியும் இறுகிப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பிசியோதெரபிப் பெண். அந்தத் தெருவில் சமதளம் என்பது மாமி வீட்டு ஹால் மட்டும்தான். சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை, ஃபிரிட்ஜிலிருந்து சோபா வரை நடந்துகொண்டிருந்தாள்.

"ஏன்னா, தெருக்கோடிப் பிள்ளையார் அங்கதான் இருக்காரா, இல்லே அவரும் குழிக்குள்ள விழுந்துட்டாரா?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். அனந்தகிருஷ்ணன்தான் அன்றைக்கே இன்னொரு மனு எழுத உட்கார்ந்துவிடுவார்.

இந்தச் சமயத்தில்தான் கலை வந்து சேர்ந்தது. பெரும்பாக்கம் போகக் கிளம்பிய கார் ஒன்று, மேப் சொன்ன பேச்சைக் கேட்டு நேராக வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றது. இறங்கியவர் இயக்குநர் ஸ்ரீவத்சன். போர்ப் படம் எடுப்பதற்கென்றே பிறவி எடுத்தவர். போரைப் பார்த்ததில்லை. ஆனால் போர்ப் படங்களைப் பார்த்திருக்கிறார், அதுவும் போனில், அதுவும் வேகத்தைக் கூட்டி வைத்து. கழுத்தில் ராணுவத்தார் மாட்டுகிற தகடு தொங்கியது. ரத்த வகை எழுத வேண்டிய இடத்தில் இன்ஸ்டாகிராம் முகவரி எழுதியிருந்தது. அவருக்குப் பின்னால் புரொடக்ஷன் மேனேஜர் ஜெயவேலு, காதில் ஒரு போன், கையில் ஒரு போன்.

ஸ்ரீவத்சன் பள்ளத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"யாரோட ஆர்ட் டைரக்ஷன் இது?"

"சாக்கடை காண்ட்ராக்டரோடது" என்றார் வாசலில் நின்ற அனந்தகிருஷ்ணன்.

"ஜீனியஸ் சார் அவர்! அந்த உடைஞ்ச பைப்பைப் பாருங்க. சேத்துல அந்த ஒத்தைச் செருப்பைப் பாருங்க. இதெல்லாம் யோசிச்சு வைக்கவே முடியாது. தானா அமையணும்."

"நானே சொல்லணும்னு இருந்தேன் சார்" என்றார் ஜெயவேலு. "இந்த மாரி ஒரு நாசத்தை செட்டு போட்டு எடுக்கறதுக்குள்ள தாவு தீந்துடும். இங்க எல்லாம் ரெடியா கீது."

நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம் அன்று மாலையே கூடியது. படத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றும், ஆனால் தேசபக்தி ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்றும் இயக்குநர் விளக்கினார். குண்டு வீச்சில் அழிந்த பகை நாட்டு நகரமாக இந்தத் தெரு நடிக்கும் என்றதும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"பகை நாடா? வரி கட்டறவா சார் நாங்கள்லாம்."

"எந்த நாடுன்னு படத்துல சொல்லவே மாட்டோம் சார். சென்சார் தொல்லை. யாருக்கும் தெரியாத ஒரு நாடு."

"அப்போ சரி. எங்க தெருவும் யாருக்கும் தெரியாதுதானே" என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. தங்கள் பாத்திரத்துக்கு வசனம் உண்டா என்று கேட்டுத்தான் எல்லாரும் கலைந்தார்கள்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் வேகத்தை இங்கே பாராட்டாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். இத்தனை காலம் மேஜையைவிட்டு அசையாத அலுவலகம், கதாநாயகனோடு ஒரு செல்ஃபி உண்டு என்றதும் காலையில் விண்ணப்பம் வாங்கி மாலைக்குள் அனுமதி கொடுத்தது. அனுமதியை வீடு தேடிக் கொண்டுவந்தவர் பொறியாளர் லோகநாதன். அனந்தகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திரும்பப் படித்தார். ஏதோ குறைந்தது. சர்வீஸ் முழுக்க எந்த ஒப்பந்தத்திலும் அவர் விட்டறியாத ஒரு வரி அதில் இல்லை. கை அரித்தது. பேனாவை எடுத்து, அழகான எழுத்தில், தானே சேர்த்தார்: 'படப்பிடிப்பு முடிந்ததும், இடம் முன்பிருந்த நிலையிலேயே, எவ்வித மாறுதலுமின்றி, ஒப்படைக்கப்பட வேண்டும்.'

"பிரமாதம் சார்!" என்றார் லோகநாதன். "இந்த பாயின்ட் எங்க டிராஃப்ட்லயே இல்லை. உங்க காலத்து ஆளுங்க ஆளுங்கதான்."

மாமிக்கும் படித்துக் காட்டினார். "முன்பிருந்த நிலைன்னா எது? தோண்டறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள் மாமி. "இதெல்லாம் ஒரு சம்பிரதாயம்டீ, உனக்குப் புரியாது" என்றார் கணவர்.

யுத்தம் தொடங்கியது. அனந்தகிருஷ்ணனுக்குக் கிடைத்த வேடம், பள்ளத்தில் கிடக்கும் பிணம். வசனம் கிடையாது. பெரும்பாக்கத்திலிருந்து வேனில் வந்திறங்கிய துணை நடிகை அருள்மேரி அவர் காலுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தாள். இதுவரை எத்தனை படத்தில் செத்திருக்கிறாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

"சார், தொப்பை ஏறி ஏறி எறங்குது. மூச்சு வுடாதீங்க."

"மூச்சு விடாம எப்படிம்மா இருக்கறது?"

"கேமரா அந்தாண்ட திரும்பும். அப்போ வுட்டுக்கங்க. எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு."

கேமரா பள்ளத்தின் மேல் மெல்ல நகர்ந்தது. புகை போட்டார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுவதுபோல் ஒலி கிளப்பினார்கள். படப்பிடிப்புத் தளமே மெய்சிலிர்த்து நின்ற அந்த வினாடியில், கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏன்னா! வேஷ்டி முட்டிக்கு மேல ஏறிண்டிருக்கு. இழுத்து விட்டுண்டு சாகுங்கோ!"

"கட்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் இயக்குநர்.

ஒருவழியாக ஷாட் ஓகே ஆனதும், சேற்றிலிருந்து எழுந்து வீட்டுக்கு நடந்த அனந்தகிருஷ்ணனை ஜெயவேலு ஓடிவந்து மடக்கினார்.

"இன்னா சார் அப்பிடியே போறீங்க? கேமராவைப் பாத்து சிரிச்சுட்டுப் போங்க."

"எதுக்கு?"

"எங்க ஃபீல்டுல அது ஒரு வயக்கம் சார். படத்துல செத்தவன் எந்திரிச்சு கேமராவைப் பாத்து சிரிச்சுட்டுத்தான் வூட்டுக்குப் போவணும். பொய்யிக்குத்தான் செத்தேன், நெசத்துல உசுரோட கீறேன்னு காட்டணும். இல்லாங்காட்டி ஆவாது." பிறகு பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார். "பொணமெல்லாம் எந்திரி! சிரி!"

பள்ளம் முழுக்க எழுந்து நின்று பல்லைக் காட்டியது. அனந்தகிருஷ்ணனும் சிரித்தார்.

போர்க் காட்சிகள் முடிந்தன. அடுத்து ஃபிளாஷ்பேக். போருக்கு முன்னால் அந்த நகரம் எவ்வளவு அழகாக இருந்தது என்று காட்ட வேண்டும். கதாநாயகன் கதாநாயகியைச் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு பாடியபடி வருகிறார். பள்ளத்தில் சைக்கிள் ஓடவில்லை, ஆனால் கதாநாயகனின் கால்ஷீட் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தை மூடச் சொல்லி ஸ்ரீவத்சன் தலையை ஆட்டினார். வெள்ளிக்கிழமை லாரி லாரியாக மண் வந்தது. உடைந்த பைப்பை மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை தார் போட்டு உருளை விட்டார்கள். விளக்குக் கம்பம் நட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு ரோடு போடத் தெரியாது. ஆகவே நன்றாகப் போட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அபிதகுஜாம்பாள் கேட்டைத் திறந்தாள். கைத்தடியால் தாரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். ஒரு காலை வைத்தாள். அப்புறம் இன்னொரு காலை. ஃபிரிட்ஜ் குறுக்கே வராத ஒரு வழியில் அவள் நடந்துபோனாள். தெருக்கோடிப் பிள்ளையார் அங்கேயேதான் இருந்தார். மாமி அவரோடு சண்டையெல்லாம் போட்டுவிட்டு, திரும்பவும் நடந்தே வந்தாள். அனந்தகிருஷ்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"ஒன் மோர் மாமி!" என்று கத்தினார் ஸ்ரீவத்சன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு பாட்டுல சொல்ல முடியாததை இந்த நடையில சொல்லிட்டாங்க. அமைதின்னா இதுதான்!"

மாமி இன்னொரு தடவை நடந்தாள். மறுநாளும் நடந்தாள். அதற்கு மறுநாள், படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த காலையில், தேங்காயும் அறுகம்புல்லுமாகப் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பிப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஜேசிபி வந்து நின்றது. லோகநாதன் கோப்போடு இறங்கினார்.

"சார், இடத்தை ஹேண்ட் ஓவர் எடுத்துக்க வந்திருக்கேன். இங்க ஒரு பள்ளம் இருந்திருக்கணுமே?"

"அதான் மூடியாச்சே! ரோடு போட்டாச்சே!" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"அதான் சார் சிக்கல். பதிவேட்டுல இந்தத் தெரு 'பணி நடைபெறுகிறது'ன்னு இருக்கு. பணி நடக்கணும்னா பள்ளம் இருக்கணும். ரோடு இருந்தா, யார் போட்டதுன்னு ஆடிட்ல கேப்பாங்க. நாங்க போட்டோம்னு சொல்ல முடியாது. போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்க. நல்ல வேளை, நீங்க அந்த ஒரு வரியைச் சேர்த்தீங்க. இல்லேன்னா என் வேலையே போயிருக்கும்."

அனந்தகிருஷ்ணன் கோப்பின் மேல் கையை வைத்தார். "அந்த வரியை எழுதினவன் நான். நானே அடிச்சுடறேன் சார். கொடுங்கோ பேனாவை."

"தாராளமா அடிக்கலாம் சார். ஆனா திருத்தத்துக்கு மனு கொடுக்கறப்ப, இடம் முன்பிருந்த நிலையில இருக்கணும். மொதல்ல தோண்டிடறோம். அப்புறம் மனு கொடுங்க."

"என் ஆத்துக்காரி அந்தப் பக்கம் இருக்காய்யா!"

"ஓரமாத்தான் சார் தோண்டுவோம்."

ஜெயவேலு தலையைச் சொறிந்தார். "மன்னிச்சுக்கங்க சார். இவரு கையெழுத்து போடாங்காட்டி எங்க வண்டியை இங்கேருந்து எடுக்க வுட மாட்டாங்க." இயக்குநர் மட்டும் கலைக்குக் களங்கம் வராமல் பார்த்துக்கொண்டார். பள்ளத்தை எல்லாக் கோணத்திலும் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களைக் கொடுத்து, அச்சு அசலாக வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மாற்றிய பைப்பைப் பிடுங்கி, பழைய உடைந்த பைப்பைத் தேடி எடுத்து வைத்தார்கள். ஒற்றைச் செருப்பு இருந்த இடத்தில் ஒற்றைச் செருப்பு. காண்ட்ராக்டர்கூட இவ்வளவு சிரத்தையாகத் தோண்டியிருக்க மாட்டார்.

பிள்ளையாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அபிதகுஜாம்பாள் பள்ளத்தின் அக்கரையில் நின்றாள். கைத்தடியால் விளிம்பு மண்ணை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பூசணிக்காய் உடைக்கும்போது போட்டோவுக்காக மாட்டிய பட்டாளத்து உடுப்பைக் கழற்றாமல் டீ குடித்துக்கொண்டிருந்த துணை நடிகர்கள் நாலு பேர் ஓடிப்போய், மாமியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பலகை மேல் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தப் படத்தில் பட்டாளம் ஒரு குடிமகளைக் காப்பாற்றிய ஒரே காட்சி அதுதான். அதை யாரும் படமாக எடுக்கவில்லை.

மாமி நேராக உள்ளே போனாள். ஃபிரிட்ஜ் வரை நடக்கும் சத்தம் கேட்டது.

லோகநாதனுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. பள்ளம் முறைப்படி மீட்கப்பட்டதற்குச் சான்றாக, பயனாளிகளோடு ஒரு புகைப்படம் வேண்டும். தெருக்காரர்களைப் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக நிற்க வைத்தார். நடுவில் செயலாளர். போனைத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாரும் இப்படி உம்முன்னு நின்னா எப்படி? சார், நீங்க கொஞ்சம் சிரிங்க."

அனந்தகிருஷ்ணன் பள்ளத்தைப் பார்த்தார். அவர் பிணமாகக் கிடந்த இடம்கூட அச்சு அசலாக வந்திருந்தது.

"சிரிக்கறேன் சார். ஆனா சிரிச்சா உசுரோட இருக்கோம்னு அர்த்தம்னு ஜெயவேலு சொல்லியிருக்கார். உங்க பதிவேட்டுல நாங்க உசுரோட இருக்கோமான்னு மொதல்ல பார்த்துச் சொல்லுங்கோ."

லோகநாதன் கடமை தவறாதவர். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோப்பைத் திறந்து, பக்கம் பக்கமாகத் தேட ஆரம்பித்தார்.