பத்தாம் பக்கத்துச் சிவப்புப் பென்சில்

"கொலைகாரன் டாக்டரோட மச்சான்னு பத்தாம் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்கான்! மீதி இருநூறு பக்கத்தை நான் என்ன பண்றது?"

குடியிருப்பு நூலகத்தின் மேசையில் துப்பறியும் நாவல் ஒன்று பொத்தென்று விழுந்தது. இது ஒன்பதாவது புகார். சனிக்கிழமைக்குள் ஆளைப் பிடிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

வேறொருவராக இருந்தால் கதிகலங்கியிருப்பார். நம் நூலகருக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். மென்று துப்பிய சூயிங்கத்தைப் பார்த்தே குற்றவாளியின் மனசைப் புட்டுப் புட்டு வைக்கும் டிவி தொடரை ஒரு எபிசோட் விடாமல் பார்த்தவர் அவர். கண்ணை மூடிக்கொண்டு சிவப்புப் பென்சில் எழுத்தைத் தடவினார்.

"அழுத்தி எழுதியிருக்கான். ஆம்பளை. நாப்பதைத் தாண்டினவன். வீட்டுல இவன் பேச்சை யாரும் மதிக்கிறதில்ல."

"அப்படிப் பாத்தா தெருவையே உள்ளே தள்ளணும் சார்" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா.

நூலகர் காதில் வாங்கவில்லை. இந்த அடையாளங்களை எழுதி வாசலில் ஒட்டினார். மாலைக்குள் மூன்று மனைவிமார் வந்து, "சந்தேகமே இல்லை, எங்க வீட்டுக்காரர்தான்" என்று கையெழுத்துப் போடாத குறை. மறுநாளிலிருந்து நாற்பதைத் தாண்டிய ஆண்கள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அழிரப்பரோடு உதவிக்கு வந்தவர் தையற்காரர் ஒருவர்தான்.

"குத்தவாளிதான் முதல்ல உதவிக்கு வருவான். தொடர்லயே காட்டினாங்க" என்றார் நூலகர், அவரை உற்றுப் பார்த்து.

தையற்காரர் அழிரப்பரை மேசையில் வீசிவிட்டு, உறுப்பினர் அட்டையையும் கிழித்துப் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அலமாரிக்குப் பின்னால் பதுங்கினார் நூலகர். மூச்சு முட்டியது, தும்மல் வந்தது, அடக்கினார். ஒரு உருவம் நாவலைப் பிரித்தது. சட்டைப் பையில் சிவப்புப் பென்சில்!

ஒரே பாய்ச்சல். "பிடிச்சேன்! வீட்டுல யாரும் உன் பேச்சை மதிக்கிறதில்ல, அதானே?"

திரும்பியவர், சங்கக் கணக்கில் டிக் அடிக்க எப்போதும் சிவப்புப் பென்சிலோடு திரியும் செயலாளர். அவர் முகம் அழுவதுபோல் ஆகிவிட்டது.

"அது... அது உமக்கு யாருய்யா சொன்னது?"

ஆத்திரத்தை விட அவமானம்தான் அவரை உலுக்கியது. வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "நாளைக்குச் சாவி என் கையில இருக்கணும்" என்றார்.

நூலகர் நாற்காலியில் சரிந்தார். இருந்தாலும் வீம்பு போகவில்லை.

"நோட்டீஸ் ஒட்டினதிலேர்ந்து ஒரு கிறுக்கல் உண்டா? பயந்துட்டான் பாத்தியா!"

அக்கா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள்.

"எழுதினது நான்தான் சார், புத்தகம் எடுத்துட்டுப் போறவங்க திருப்பியே தர்றதில்லன்னு போன மாசம் உங்களை வேலையை விட்டுத் தூக்கப் பாத்தாங்களே, நான் எழுத ஆரம்பிச்சப்புறம்தான் சண்டை போடுறதுக்காவது மறுநாளே கொண்டுவந்தாங்க!"